வெள்ளைக்கால் மாடும் ஷிகாரி அண்ணனும்

ஆப்பிரிக்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் தெரு ஷிகாரி அண்ணனைப் போலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வேட்டைக்காரர் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை. அவர் வேட்டைக்காரராக இருந்த காலம் முழுவதும் காரைக்குடியில் ஒரு கொசுவுக்குக்கூடச் சேதாரம் கிடையாது. கொசு விஷயத்தில் சேதாரம் எப்போதும் அண்ணனுக்குத்தான்.

ஷிகாரி என்பது டீக்கடை வைத்த பெயர். அதற்கு முன்னால் அவர் ரீடிங் அண்ணன். வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுக்கிற வேலை. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசலில் நாய் விரட்ட ஆரம்பித்தால் அண்ணன் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி அத்தனையையும் ஓடியே கடந்து அடுத்த தெருவில் போய் விழுவார். ஓடுகிற ஓட்டத்திலேயே ரீடிங்கும் எடுத்துவிடுவார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் ஆச்சிகள் உள்ளேயிருந்து, "ரீடிங் ஓடி வாராக, பின்கதவத் தெறந்து விடு" என்று குரல் கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்ட அன்று ஏற்புரை சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் காசிக்குப் போகிறேன், காடு கழனியைப் பார்க்கிறேன் என்று சொல்கிற இடம் அது. அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"சர்வீஸ் பூரா நாய் என்னைய வெரட்டுச்சு. சாகுறதுக்குள்ள நான் ஒரு மிருகத்தையாவது வெரட்டிப்புடணும். சின்னதா வேணாம். பெருசா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அவர் மதினி. கட்டிக்கொண்டவருக்குத் தெரியாதா, இவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்று.

மறுநாள் காலையிலேயே அண்ணன் செல்போனில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களுக்கான வீடியோக்கள். பேசுகிறவர் இங்கிலீஷில் பேசுவார், அடியில் மிஷினே தமிழாக்கி எழுத்து ஓடவிடும். 'காற்று உன் மூக்கைச் சாப்பிடட்டும்', 'உன் வாசனையை நீயே கொலை செய்' என்றெல்லாம் வரும். அண்ணன் அதையெல்லாம் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்தார்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். பொறுப்பாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, இப்ப முயலப் புடிச்சாலே உள்ள தூக்கி வச்சிருவாக. வேட்டைக்குத் தடை இருக்கு."

"தெரியும்ப்பா. நாளைக்கே சட்டத்த மாத்திட்டாகன்னு வையி. மாத்துன அன்னைக்குப் போயிக் கத்துக்க முடியுமா?"

 

முதலில் தொப்பி வந்தது. பழைய வீடுகளை இடித்த சாமான் விற்கிற கடையில் வாங்கினார். எந்தத் துரையோ புலி வேட்டைக்குப் போட்டுக்கொண்டு போனது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். உள்பக்கம் ஒரு நாடகக் கம்பெனியின் முத்திரை இருந்தது. அடுத்து ஒரு பைனாகுலர். அதில் வலது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இடது கண்ணுக்கு ஒரு சிலந்தி தெரியும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் மிருகத்தை நெருங்க வேண்டுமாம். அதற்காக மதினியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் முக்குக்கு முக்கு நின்று தூவிப் பார்ப்பார். காய்கறி வாங்கப் போய்விட்டு வெள்ளை மீசையோடு திரும்பி வருவார். வாசனையைக் கொலை செய்வதற்காக ஒருநாள் ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். அன்றைக்கு மதினி அவருக்கு இலையை வாசலுக்கு வெளியே போட்டார்.

சுடுவதற்குப் பழக வேண்டுமே. சட்டம் அனுமதிக்கிற ஒரே துப்பாக்கி, திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழா தொடங்கிவிட்டால் அண்ணன் தினமும் அங்கே ஆஜர். அந்தக் கடைத் துப்பாக்கியின் குழல் இடது பக்கம் லேசாக வளைந்திருக்கும். அண்ணன் விடாமல் பழகி, வளைவுக்குத் தகுந்த மாதிரி வலது பக்கம் குறிவைத்து நடுப் பலூனை உடைக்கிற அளவுக்குத் தேறினார். இந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் புதுத் துப்பாக்கி வாங்கிவிட்டார். நேர்க்குழல். அண்ணன் சுட்டது வலது பக்கத்து பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டியில் போய் விழுந்தது. பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு எழுந்தார். அன்றைக்கு விரட்டுப்பட்டதும் அண்ணன்தான்.

தடம் பார்த்துப் போவதையும் விடவில்லை. அமராவதிபுதூர்க் கண்மாய்ச் சேற்றில் புதுத் தடம் ஒன்றைக் கண்டுபிடித்து, குனிந்தபடியே வெகுதூரம் போயிருக்கிறார். போன் வந்து நான் ஓடிப் பார்த்தபோது ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கீழே சுமாரான அளவில் ஒரு நாய்.

"தடமெல்லாம் சரிதான்ப்பா. மிருகந்தான் தப்பாப் போச்சு."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, பொங்கல் முடிந்த வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. மலைப் பக்கத்திலிருந்து வழிதவறி வந்த காட்டெருமை ஒன்று திருக்கோஷ்டியூருக்கு அந்தப் பக்கம் வயல்களில் திரிகிறதாம். வனத்துறை ஆட்கள் மயக்க ஊசித் துப்பாக்கியோடு தேடுகிறார்களாம். அண்ணன் தொப்பியோடு என் வாசலில் நின்றார்.

"சும்மா பாக்கத்தான்ப்பா. பாக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லைல்ல?"

என் ஸ்கூட்டரில்தான் போனோம். வயலுக்கு நடுவே ஒரு மோட்டார் ரூம். அதன் கூரைமேல் நின்றிருந்த வனக்காவலர் ஒருவர், மேலே ஏறி வாருங்கள் என்று சைகை காட்டினார். நான் ஏறிவிட்டேன். அண்ணன் ஏறவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்க முடியாது என்று அதைக் கழற்றி என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டு, வரப்பில் நின்று பவுடரைத் தூவி, மலையைத் துழாவ ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அண்ணனுக்கு மதினியையே குரலை வைத்துத்தான் தெரியும்.

அப்போது அவருக்குப் பின்னால் கருவேல மரங்களுக்குள்ளிருந்து காட்டெருமை வெளியே வந்தது. மோட்டார் ரூம் கதவை அடைக்கிற நெஞ்சு. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். காவலர் என் வாயைப் பொத்தினார். சத்தம் கேட்டால் அது மிரண்டு முட்டிவிடும் என்று காதுக்குள் சொன்னார். சருகுச் சத்தத்தில் அண்ணனே திரும்பிவிட்டார். என் உயிர் என்னிடம் இல்லை. மதினிக்கு என்ன பதில் சொல்வேன்?

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"எந்த ஊருக் கோயில் மாடு சாமி நீங்க? காலுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு அழகா விட்டிருக்காகளே."

எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட காளைக்குக் கயிறு கிடையாது, சொந்தக்காரர் கிடையாது. எந்த வயலிலும் மேயும். யாரும் அடிக்க மாட்டார்கள், கும்பிட்டு வழிவிடுவார்கள். மஞ்சுவிரட்டு நடக்கிற மாசம் என்பதால் கொம்புக்கு வர்ணம் அடித்து விட்டிருப்பார்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே பிறவியிலேயே வெள்ளை. கண்ணாடி போடாத கண்ணுக்கு அது சுண்ணாம்பு.

அண்ணனுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்துவிட்டது.

"சாமி, இங்குட்டு நிக்காதீக. காட்டெருமையப் புடிக்க ஆளுக துப்பாக்கியோட அலையிறாக. அவுகளுக்கு வெவரம் பத்தாது. உங்களையே காட்டெருமைன்னு நெனச்சு ஊசியப் போட்டுருவாக. அங்குட்டுப் போயிருங்க."

சொல்லிக்கொண்டே தோள்துண்டை எடுத்து மெதுவாக வீசினார். காவலர் கண்ணை மூடிக்கொண்டார். தூவியபோது துண்டில் படிந்திருந்த பவுடரெல்லாம் காற்றோடு போய் அந்த மூஞ்சியில் அப்பியது. காட்டெருமை ஒரு தும்மல் போட்டது. அண்ணன் ஆசீர்வாதம் என்று நினைத்து மறுபடியும் கும்பிட்டார். பிறகு அது திரும்பியது. நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் வாலைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் ஓட ஆரம்பித்தது. "பாத்துப் போங்க, வரப்பு வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வயல் கடைசி வரைக்கும் பின்னால் போனார்.

நானும் காவலரும் இறங்கி ஓடினோம். அதுதான் ஐயா காட்டெருமை என்று காவலர் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டேன். தூரத்துப் புதர் ஓரத்தில் அது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே மறைந்தது. அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அண்ணே, வெரட்டிப்புட்டீக. நெனச்ச மாதிரியே பெருசா வெரட்டிப்புட்டீக."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பயந்துதான் ஓடுச்சா?"

"பயந்துதாண்ணே. வாலத் தூக்கிக்கிட்டுல்ல ஓடுச்சு."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் வாடிப்போய்விட்டது.

"பாவம்ப்பா. ஓடுறவனுக்குத்தான் தெரியும், அது எப்படி இருக்கும்னு. எல்லாந் தெரிஞ்ச நானே ஒரு உசுர ஓட விட்டுட்டேனே."

ஸ்கூட்டரில் நாங்கள் திரும்பி வருவதற்குள் செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. தெருவில் பொன்னாடை போர்த்த ஆள் திரண்டிருந்தது. அண்ணன் உடம்புக்கு முடியலை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தோடு வேட்டையை விட்டுவிட்டார். நான் சிரிப்புக்காகத்தான் இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த வரப்பில் உட்கார்ந்திருந்த முகத்தை நினைத்தால் அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வருகிறது.

அண்ணன் இப்போது ஊரில் இல்லை, மகளின் பிரசவத்துக்காக மதினியோடு கோயம்புத்தூர் போய் மாசக்கணக்காகிறது. அண்ணே, நீங்க இல்லாம தெரு நல்லாவே இல்ல, சீக்கிரம் வந்துருங்க.