மங்கலமான ஐரிஷ் பாட்டு ஒன்று தேவை

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
11 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தங்கை சரோஜாதேவிக்கு,

அக்கா ஆனந்தவல்லி எழுதுவது. ஈப்போவில் நீயும் மாப்பிள்ளை பழனிசாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க இறைவன் துணை நிற்பானாக. இங்கே மகள் சுபாஷினி நலம், அவள் கட்டிக்கொள்ளப் போகும் ஜேசன் நலம், மழையும் குளிரும் பரிபூரண நலம். நலமில்லாதவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் கடிதத்துக்குப் பதில். செப்டம்பர் எட்டாம் தேதி கன்னிகாதானத்துக்கு மணையில் நீயும் மாப்பிள்ளையும் உட்கார ஒப்புக்கொண்டதற்கு நன்றி. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாகிறது. விதவை மணையில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை நீ இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. பெற்ற மகளின் கல்யாணத்தை நான்காவது வரிசை நாற்காலியிலிருந்து பார்க்க நான் எப்போதோ மனதைத் தயார் செய்துவிட்டேன். அதைக் கெடுத்தவள் சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா பிரிஜிட் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இங்கே குடியேறியவள். அவளும் கணவனை இழந்தவள்தான். பக்குரங்காவில் அவள் வீட்டுக்குத் தேநீருக்குப் போனபோது, பேச்சுவாக்கில், தைப்பிங் கான்வென்டில் ஐரிஷ்கார சிஸ்டர் பெர்னடெட் எனக்கு அவர்கள் ஊர்த் தகரக் குழல் ஊதச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப தாலி கட்டி முடிஞ்சு பிள்ளைங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறப்ப நீங்கதான் ஒரு ஸ்லோ ஏர் வாசிக்கணும்" என்றாள். ஸ்லோ ஏர் என்பது அவர்களுடைய பழைய பாட்டை வார்த்தையில்லாமல், நம் ஆலாபனை மாதிரி நிதானமாக இழுத்து வாசிப்பது. கான்வென்டில் படித்த பெண்ணுக்குரிய முறைப்படி மூன்று தடவை வேண்டாம் என்றேன். நான்காவது தடவை சரி என்றேன். மேடையில், என் மகளுக்கு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று உனக்கு விளக்கப்போவதில்லை, சரோஜா. நீ கடிதத்தில் கேட்டபடி மேடையில் ஏறாமல் கீழே உட்கார்ந்து வாசிக்கவும் முடியாது. உட்கார்ந்தால் மூச்சு வயிற்றிலேயே நின்றுவிடும்.

ஐம்பத்தைந்து வருஷமாகத் தொடாத குழல் என்பதால், வியாழக்கிழமைதோறும் ஒரு தேவாலயக் கூடத்தில் வகுப்பு நடத்தும் மிஸ்டர் லெனிஹன் என்பவரிடம் போனேன். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மேல்சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இல்லை. சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்றாவது மூச்சில் சுரம் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் இறங்கும். அதை ஒரு பிசிறில்லாமல் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நிமிர்ந்தால் அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கால் பட்டாளம் மாதிரி நடக்குதும்மா. அங்க பாவம், ஒருத்தன் முழுகிட்டிருக்கான்" என்றார். சிஸ்டர் மேஜையில் ரூலரால் தட்டி எண்ணச் சொல்லித்தான் நான் கற்றது, அது தவறாம். இந்தப் பாட்டுக்குத் தாளமே கிடையாதாம். "வார்த்தை தெரியாம எங்க மூச்சு விடணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, வார்த்தைகளைச் சொன்னார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மீன்பிடிக்கப் போய்க் கடலில் முழுகிச் செத்த மாப்பிள்ளையை நினைத்து மணப்பெண் புலம்புகிறாள். கைக்குட்டைக்காகத் தைத்து வைத்த துணி கோடித்துணி ஆயிற்று என்கிறாள். சரோஜா, இதைப் பன்னிரண்டு வயதில், வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு, பிஷப் வந்தபோது நான் வாசித்திருக்கிறேன். அன்று வார்த்தை என்ன என்று கேட்டதற்கு, "பெண்பிள்ளைகளுக்கு வார்த்தை வேண்டாம், விரல் சுத்தமாக இருந்தால் போதும்" என்றார் சிஸ்டர். ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

சரி, வேறு பாட்டு எடுப்போம் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டு மிக இனிமை. அர்த்தம் கேட்டேன்: அமெரிக்கா போனவன் திரும்புவான் என்று காத்திருந்து தலை நரைத்த பெண். மாப்பிள்ளைப் பையன் வேலை விஷயமாக சிட்னி போய்வருகிறவன், அது ஆகாது. மூன்றாவது, தாலாட்டு. தாலாட்டில் என்ன கெடுதல் வரும் என்று ஒரு வாரம் பாடுபட்டு விரலில் ஏற்றினேன். பாடுகிறவள் பேய்கள் தூக்கிக்கொண்டு போன பெண்ணாம். குழந்தையைத் தூங்க வைக்கிற சாக்கில், தன்னை மீட்க வரும்படி புருஷனுக்குச் சேதி சொல்கிறாளாம். மருமகளாகப் போகிற வீட்டு வாசலில் இதையா வாசிப்பது? நான்காவது, தூக்கில் போட்ட பாதிரியார். ஐந்தாவதில் ஒரு பெண்ணின் கூந்தலை மூன்று பத்தி வர்ணிக்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது. நான்காவது பத்தியில் அவள் செத்து ஏழு வருஷமாகிறது. "சந்தோஷமாக ஒன்றுகூடவா இல்லை?" என்று கேட்டேன். மிஸ்டர் லெனிஹன் நெடுநேரம் யோசித்து, "ஒண்ணு இருக்கு" என்றார். அது சாராயத்தைப் பற்றியது. அதிலும் கடைசியில் குடித்தவன் செத்துப்போகிறான்.

நான் ஏன் இவ்வளவு அலைகிறேன் என்று உனக்குத் தெரியாததா? உன் வீட்டுக்காரர் வருகிறார். தெலுக் இந்தான் கல்யாணத்தில் நாயனக்காரர் முகாரியைத் தொட்டார் என்று பாதிப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்தவர். இங்கேயும் யாரையாவது பிடித்து, "இது என்ன பாட்டு, என்ன அர்த்தம்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். அர்த்தம் தெரிந்த ஐரிஷ்காரர்கள் நாற்பது பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். விதவை மேடையேறினாள் என்பது ஒன்று. ஏறி ஒப்பாரி வைத்தாள் என்பது இரண்டு. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தாலும், ஒரு ஜலதோஷம் வந்தாலும், இரண்டையும் சேர்த்து என் தலையில்தான் கட்டுவார்கள். யாரும் கட்டாவிட்டாலும் நானே கட்டிக்கொள்வேன்.

சுபாஷினியிடம் சொன்னால், "அம்மா, யாருக்கு லா அர்த்தம் தெரியப்போகுது? பிடிச்சத வாசிங்க" என்று நம்மூர் 'லா' மாறாமல் சொல்கிறாள். பார்மசியில் மருந்துச் சீட்டை மூன்று தடவை சரிபார்க்கிற பெண், தன் கல்யாணத்துக்கு இப்படிப் பேசுகிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் பழகுகிறேன். அப்படியும் சத்தம் வெளியே ஒழுகியிருக்கிறது. போன புதன்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் துணி போர்த்திய தட்டுடன் வாசலில் நின்று, "வீட்டுல இழவுன்னு நினைக்கிறேன், ரொம்ப வருத்தமா இருக்கு" என்று என் கையைப் பிடித்தாள். தட்டில் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம். இழவு இல்லை, கல்யாணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். சைவம் சாப்பிடுகிற வீட்டில் அது மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வாசிக்கப்போவதில்லை. ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாத பாட்டுகளை இத்தனை அழகாகச் செய்து வைத்திருக்கிறவர்களை என்னால் மாற்ற முடியாது. நானும் இந்த வயதில் மாறப்போவதில்லை. பல்வலி என்று சொல்லிவிடப் போகிறேன். குழலைத் துடைத்து, உறையில் போட்டு, அலமாரி மேல் தட்டில் வைத்தாயிற்று. நான்காவது வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போதும். நீ நினைத்தபடியே நடக்கிறது. நிம்மதியாகப் புறப்பட்டு வா.

வரும்போது நல்ல குங்குமமும், கூறைப்புடவைக்குத் தோதாக ரவிக்கைத் துணியும் எடுத்து வா; இங்கே சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடைகளில் கிடைப்பது என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நீ தீர்க்க சுமங்கலியாக, பூவும் பொட்டுமாக நீடூழி வாழ மனதார ஆசீர்வதிக்கும்

உன் அக்கா,
ஆனந்தவல்லி மாணிக்கவாசகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிரிஜிட் வந்துவிட்டாள். பல்வலி என்றேன். "எந்தப் பல்?" என்று கேட்டாள். எந்தப் பல் என்று நான் யோசித்து வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் முழுகினவன் முதல் சாராயம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்; மணையைப் பற்றியும், நான்காவது வரிசையைப் பற்றியும்கூடச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எங்ககிட்ட சந்தோஷமான ஸ்லோ ஏர் கிடையாது, வல்லி. சந்தோஷம்னா வேகமா வாசிச்சு ஆடிடுவோம்" என்றாள். பிறகு சொன்னாள்: "என் கல்யாணத்துல அந்த முழுகினவன் பாட்டைத்தான் எங்க மாமா வாசிச்சாரு. என் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் தினம் படகுல ஏறித்தான் வேலைக்குப் போனாரு. ஒருநாளும் கால்கூட நனையல." அடுப்படியில் நின்றபடியே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். என் கால் அசையவில்லை. பாதியில் அவள் மெதுவாக வார்த்தைகளைப் பாட ஆரம்பித்தாள்; எங்கே மூச்சு விடவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் கொள்ளாதே. எட்டாம் தேதி அதைத்தான் வாசிக்கிறேன். அவளும் என் பக்கத்தில் நின்று பாடுகிறாள். மேடையில் இரண்டு விதவைகள். நீ மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. உன் வீட்டுக்காரர் அர்த்தம் கேட்டால், கல்யாணம் நிச்சயமான ஒருவன் மீன்பிடிக்கப் போன பாட்டு என்று சொல். அது பொய்யில்லை. போன வரைக்கும் உண்மைதான்.