பேருக்கு நின்றவர்

"இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்" என்றார் நெவில்.

தேர்தல் அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர் நீச்சல்குளத்தை ஒட்டிய விளையாட்டுக் கூடம் அது. நன்றாக விடிந்துவிட்டது. ஓட்டு எண்ணியவர்களில் பாதிப் பேர் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தார்கள்.

"மிஸ்டர் ஹெஸ்லப், தோத்தவங்கதான் மறுபடி எண்ணச் சொல்லுவாங்க. ஜெயிச்சவர் கேட்டு நான் பார்த்ததே இல்ல."

"ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்தானே, மேடம்..."

"ஒண்ணுன்னாலும் ஓட்டுதான். ரெண்டு தடவை எண்ணியாச்சு. ரெண்டு தடவையும் நீங்கதான்."

அவர் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். ஐம்பத்து நாலு வயதுவரை எதிலும் ஜெயித்துப் பழக்கம் இல்லை.

எல்லாம் டெரெக்கால் வந்தது. டெரெக் சிநேகிதன், கட்சிக்கு உள்ளூர்ச் செயலாளர். சின்னக் கட்சி. ஊர்க் கூட்டம் போட்டால் ஒரே காரில் வந்து இறங்கிவிடுவார்கள். வசந்தகாலத்தில் ஒருநாள் கிளப்பில் நெவிலைப் பிடித்தான்.

"பாராளுமன்றத் தேர்தல்ல பேருக்கு நில்லு, மாப்ளே. ஓட்டுச்சீட்டுல நம்ம கட்சிப் பேர் இருக்கணும், அவ்வளவுதான். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட வேணாம்."

"தவறிப்போய் ஜெயிச்சுட்டா?"

டெரெக் குடித்த பீர் மூக்கு வழியாக வந்தது. "இங்க ஆளுங்கட்சி ஒரு கழுதையை நிறுத்தினாக்கூட ஜெயிக்கும்டா."

ஆளுங்கட்சி கழுதையை நிறுத்தவில்லை. லண்டனிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதுதான் வினை.

கடைசி வாரம் வக்கீல் கிளப்புக்கு வந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போன வருஷத்து முதல் பரிசு லீக்ஸ் படம் மாட்டியிருந்தது. வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு காய்; பருமனில் வாழைத்தண்டு தோற்கும். வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். "அடேயப்பா! இந்த வெங்காயத்தாள் எத்தனை பேருக்கு சூப் வைக்கக் காணும்?" என்றார்.

கிளப்பில் இருந்தவர்கள் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் பக்கத்துச் சுரங்க ஊர்களில் லீக்ஸ் என்பது காய்கறி இல்லை. செப்டம்பர் போட்டிக்காகப் பெற்ற பிள்ளையைப்போல வளர்ப்பார்கள். பீர் ஊற்றுவார்கள். காவல் படுப்பார்கள். பெண்டாட்டி பேர் மறந்தாலும் மறப்பார்கள், பாத்திக்குத் தண்ணீர் விடும் நேரம் மறக்க மாட்டார்கள். அதைப் போய் சூப்! பொழுது சாய்வதற்குள் அந்தச் சொல் தொகுதியில் எல்லாக் கிளப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நெவிலும் லீக்ஸ் வளர்ப்பவர்தான். மூன்று வருஷமாக இரண்டாம் பரிசு. இந்த வருஷம் கன்றுகள் நின்ற நிலையைப் பார்த்தால் முதல் பரிசு நிச்சயம். இப்போது லண்டனுக்குப் போனால் தண்ணீர் விடுவது யார்? பெண்டாட்டி டோரீனா? டோரீன் கைபட்டால் பிளாஸ்டிக் பூவும் வாடும்.

"மேடம், அந்தச் சிவப்பு மைச் சீட்டை மட்டும் இன்னொரு தடவை பாருங்க" என்று கெஞ்சினார் நெவில்.

சந்தேகச் சீட்டுகள் தனியாக இருந்தன. ஒருவர் எல்லாப் பேருக்கும் மீசை வரைந்திருந்தார். ஒருவர் தன் நாய்க்கு ஓட்டுப் போட்டிருந்தார். அவை செல்லாது. ஒன்று மட்டும் வேறு மாதிரி. சாவடியில் கயிறு கட்டித் தொங்கும் பென்சிலைத் தொடாமல், சொந்தப் பேனாவால் சிவப்பு மையில், நெவில் பேருக்கு எதிர்க் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. கட்டத்தைத் தாண்டி, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தம். அடியில் இரண்டு கோடு வேறு.

"இது செல்லாதுங்க. காகிதமே கிழிஞ்சிருக்கு" என்றார் நெவில். அந்த ஒன்று போனால் இரண்டு பேரும் சமம். சமம் என்றால் சீட்டுக் குலுக்கல். பாதி உயிராவது தப்பும்.

"கிழிஞ்சா என்ன? வேண்டியவர் பேருக்கு நேரா பெருக்கல் போடணும். போட்டிருக்கு. இவ்வளவு தெளிவா இன்னிக்கு வேற எந்தச் சீட்டும் இல்ல. செல்லும்."

டெரெக் நெவில் முதுகில் ஓங்கி அறைந்தான். "உன்மேல யாருக்கோ எவ்வளவு ஆசைன்னு பாருடா!"

மேடையேற்றினார்கள். நெவில் தப்பிக்க ஒரே வழி உண்மை என்று முடிவு செய்தார்.

"எனக்கு அரசியல் தெரியாது. நான் இதுக்கு லாயக்கு இல்ல. லண்டனும் பிடிக்காது. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் நாடு முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசியில் உண்மை பேசுகிற ஒருவன் கிடைத்துவிட்டான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது டோரீன் கையில் தேநீர்க் கோப்பையோடு தொலைக்காட்சி முன் நின்றிருந்தாள்.

"நெவில், உன்னை விட்டுட்டுப் பார்த்தா ஆளுங்கட்சிக்குச் சரியா பாதியாம். மத்தவங்க எல்லாரும் சேர்ந்தா மீதிப் பாதியாம். யாருக்கும் பெரும்பான்மை இல்ல. ராத்திரி வரைக்கும் அமோக வெற்றின்னு சொன்னவங்க இப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அதுக்கு?"

"நீ எந்தப் பக்கம் சாயுறியோ அந்தப் பக்கம்தான் அரசாங்கம்."

நெவில் தோட்டத்துக் கதவைப் பார்த்தார். "தண்ணி விட்டியா?"

"நாடே தொங்குது, உனக்குத் தண்ணி!" கோப்பையை டக்கென்று வைத்தாள். "சரி, இதைச் சொல்லு. ஒரே ஒரு ஓட்டு. நான் உனக்குப் போடல. நீதான் போடாதேன்னு சொன்னே. வக்கீலுக்குப் போட்டேன்."

"நானும் வக்கீலுக்குத்தான் போட்டேன்."

"அப்ப அந்தச் சிவப்பு மைக்காரி யாரு?"

"காரின்னு யார் சொன்னா?"

"டெரெக் பெண்டாட்டி சொன்னா. காகிதம் கிழியிற அளவுக்கு ஆசையாம். அடியில ரெண்டு கோடாம். மைதானே அது, லிப்ஸ்டிக் இல்லையே?"

நல்லவேளையாகத் தொலைபேசி அடித்தது. ஆளுங்கட்சிக் கொறடா. தேன் ஒழுகும் குரல்.

"மிஸ்டர் ஹெஸ்லப், உங்க பேச்சைக் கேட்டுக் கண்ணு கலங்கிட்டேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

நடக்காத காரியம் எதையாவது கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நெவில் நினைத்தார். ஊர் ஒன்பது வருஷமாக மனுப் போட்டு ஓய்ந்த காரியம் ஒன்று இருந்தது.

"எங்க ஊர் அறுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. அது மறுபடி ஓடணும்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. நெவில் கண்ணை மூடிக்கொண்டார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து ஓடும்" என்றார் கொறடா.

ரிசீவரை வைத்த கையோடு எதிர்க்கட்சியிலிருந்து அடுத்த அழைப்பு. "பஸ் கேட்டீங்களாமே? நாங்க ஞாயித்துக்கிழமையும் விடறோம்."

டோரீன் அதற்குள் கடைத்தெருவுக்குச் சொல்லிவிட்டாள். தெருவில் ஒரே கூச்சல். ரொட்டிக் கடைக்காரர் பஸ் வடிவத்தில் கேக் செய்து கொண்டுவந்தார். ஒரு கிழவர் நெவில் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனி ஆஸ்பத்திரிக்கு டாக்சி வேணாம்ப்பா. நீ மட்டும் பதவியை விட்டே, உன் தோலை உரிச்சிடுவேன்."

கூட்டத்தோடு வந்திருந்த டெரெக்கை நெவில் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ராஜினாமா பண்றேன். எப்படிப் பண்றது?"

"முடியாது, மாப்ளே."

"ஊர்க்காரங்களை நான் பார்த்துக்கறேன்."

"ஊர் இல்லடா, சட்டம். நம்ம நாட்டுல எம்.பி. ராஜினாமா பண்ணவே முடியாது. பேருக்கு ஒரு அரண்மனை உத்தியோகம் வாங்கணும். அதை வாங்கினா எம்.பி. பதவி தானாப் போயிடும்."

"அப்ப வாங்கிக் குடு."

"அதை நிதியமைச்சர் குடுக்கணும்."

"கேளு."

"யாரு நிதியமைச்சர்? அரசாங்கமே இன்னும் அமையலையே."

"எப்ப அமையும்?"

"நீ போய் ஒரு பக்கம் உக்காந்தாதான்."

நெவில் சுவரில் மெதுவாக ஒருதரம் முட்டிக்கொண்டார்.

அப்போது தோட்டத்தில் ஆள் நடமாடும் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தொலைக்காட்சிக்காரர்கள் வேலி தாண்டிவிட்டார்கள். கேமராவைத் தோளில் வைத்திருந்தவனின் பூட்ஸ் பாத்திக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நெவில் பாய்ந்து வெளியே ஓடினார்.

"டேய்! காலை எடுடா! இன்னும் ஒரு அடி முன்னால வச்சே, தொலைச்சுடுவேன்!"

அது நேரலையில் போனது. ஐந்து நிமிஷத்தில் திரையின் அடியில் எழுத்து ஓடியது: ஆளுங்கட்சிக்கு ஹெஸ்லப் கடும் எச்சரிக்கை. சந்தையில் பவுண்டு சரிந்தது.

நெவில் பாத்திக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார். ஐந்தாறு மைக்குகள் அவர் முகத்துக்கு நேரே நீண்டன. கூட்டத்தின் நடுவே டோரீனும் நின்றாள்.

"எந்தப் பக்கம், சார்?"

"அந்தப் பக்கம் போங்கய்யா! பாத்தியை மிதிக்காதீங்க!"

"எந்தக் கட்சிப் பாத்தி, சார்?"

நெவிலுக்கு அழுகை வந்தது. "நான் எந்தப் பக்கமும் இல்ல. செப்டம்பர் வரைக்கும் என்னை இங்கயே விடுங்க. அந்த ஒரு ஓட்டைப் போட்ட ஆளு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கேப்பேன். ஏன் என்னை இப்படிப் பண்ணினீங்கன்னு."

"நானும் கேப்பேன்" என்றாள் டோரீன்.

பக்கத்து வீட்டு வேலிக் கதவு கிரீச்சிட்டது. மிஸ் ராப்சன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. நெவிலுக்கு வாய்ப்பாடு கற்றுக்கொடுக்க முயன்று தோற்றவர். நெவில் லீக்ஸ் உரத்துக்காக ஆட்டுப் புழுக்கையும் மீன் குடலும் ஊறப்போட்ட பீப்பாய், அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அதனால் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கூட்டம் தானாக வழிவிட்டது. கேமராக்காரன்கூடச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"டேய் நெவில். என்ன சந்தைக்கடையா இது?"

"மன்னிச்சுக்கோங்க, மிஸ். எலெக்‌ஷன்ல ஜெயிச்சுட்டேன்."

"ரேடியோவில கேட்டேன். நம்பவே இல்ல."

"நானும் நம்பல, மிஸ். யாரோ ஒருத்தர் போட்ட ஒரே ஒரு ஓட்டு. அதுதான் என் குடியைக் கெடுத்துடுச்சு."

மிஸ் ராப்சன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நெவிலை மேலும் கீழும் பார்த்தார்.

"அது எப்படிடா ஜெயிச்சே? பொறந்ததுலேர்ந்து ஓட்டே போடாதவ, உன்னைத் தோக்கடிக்கணும்னே நேத்துப் போய், அவங்க வச்சிருந்த பென்சில் போதாதுன்னு என் சிவப்புப் பேனாவை எடுத்து, உன் பேருக்கு நேரா காகிதம் கிழியக் கிழியப் பெருசா ஒரு தப்புப் போட்டுட்டு வந்தேனே!"