இருப்பிடச் சான்றும் எங்கள் தெருவின் பாசமும்

உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பது சுலபம், லேசாக இருமினால் போதும். குடியிருக்கும் வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று நிரூபிப்பது அப்படியல்ல. பட்டவன் சொல்கிறேன்.

அப்பாவுக்கு துபாயில் கிரேன் ஓட்டும் வேலை. பள்ளிப் படிப்பில் பெரும்பகுதியை நானும் அங்கேதான் முடித்தேன். கம்பெனியை இழுத்து மூடியதும் குடும்பத்தோடு திருவொற்றியூருக்கே திரும்பினோம். பிளஸ் டூ முடித்ததும் எனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்துவிட்டது. உதவித்தொகை வந்தால் கல்லூரி, வராவிட்டால் அப்பாவோடு கன்டெய்னர் யார்டு. அந்த உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன், வந்த பிறகு தொடர்ந்து இங்கேயேதான் வசிக்கிறான் என்று இருப்பிடச் சான்று வேண்டும். வி.ஏ.ஓ. நேரில் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்.

அவர் வருவதாகச் சொன்ன வாரம் முழுக்க நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் மாடிப்படிக்குமாக நடந்தேன். குளிக்கும்போதுகூட கதவை முழுசாகச் சாத்தவில்லை (அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது). கெடு முடிவதற்கு முந்தைய நாள் காலையிலும் ஆளைக் காணோம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். பொறுக்க முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க அவருடைய ஆபீசுக்கே சைக்கிளை மிதித்தேன்.

"இப்பதான் உங்க தெருவுக்குக் கிளம்பினாரு" என்றார் அங்கே இருந்தவர்.

வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தால், எதிர்வீட்டு செல்வி அக்கா வெற்றி முகத்தோடு நின்றிருந்தார்.

"கவலப்படாத கண்ணு. ஃபைல எடுத்துகினு ஒரு ஆளு உன் பேரச் சொல்லி விசாரிச்சாரு. அவன் துபாய்ல கீறான், போயி ரொம்ப வருசமாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எங்கள் தெருவின் மரியாதை அது. யாராவது ஃபைலோடு வந்து ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கோர்ட்டா, பேங்க்கா, எதுவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நான் மட்டும் சொல்லல, தெருவே அதத்தான் சொல்லிச்சு" என்றார் அக்கா.

ஓடினேன். முனை டீக்கடையில் வி.ஏ.ஓ. வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். "சார், அந்தப் பையன் நான்தான் சார்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து நான் போட்டிருந்தது, நெஞ்சு முழுக்க துபாய் என்று எழுதிய டீ ஷர்ட்.

"லீவுல வந்திருக்கியா தம்பி?"

காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரைத் திரும்ப அழைத்துவந்தேன். வரும்போது அவர் என் தோளில் கை போட்டிருந்தார். தெருவுக்குப் புரிந்துவிட்டது: பையன் மாட்டிக்கொண்டான்.

"யாரு சார் இந்தப் புள்ள? நான் பாத்ததே இல்லியே" என்றார் செல்வி அக்கா. காலையில்தான் அவர் வீட்டு இட்லியைத் தின்றிருந்தேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். சமாளித்துவிடலாம் என்று அவரும் கண்ணைக் காட்டினார். இஸ்திரி போடும் முருகன் அண்ணன் தன் பங்குக்கு, "ஏரியாக்கு புச்சா கீது சார்" என்றார்.

வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலேஜ் போச்சு என்று நடுத்தெருவில் வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது எங்கள் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. தண்ணீர் மோட்டார் சண்டையில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத கன்னியப்பன், நான் மாட்டிக்கொண்டதைக் கண்குளிரப் பார்க்க வெளியே வந்தார்.

"இவனயா தெரியாது? துபாய்லேர்ந்து வந்த நாளா என் தல மேலதான் சார் கீறான். விடியறதுக்குள்ள மோட்டாரப் போட்டு உசுர வாங்கறான்."

"நடுவுல வெளியூர் எங்கயும் போகலையா?"

"ஒரு பொங்கலுக்காச்சும் போய்த் தொலைவான்னு பாத்தேன். நகரவே இல்ல சார். இட்டுகினு போங்க."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"ரெண்டா போடறேன்."

போட்டார். வி.ஏ.ஓ. என்னை இட்டுக்கொண்டு போகாமல், கைகுலுக்கி, "நல்லா படி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் முகம் போன போக்கைப் பார்த்து அழுகையோடு சிரித்தேன். அன்று அவர் மேல் எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை. அவருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

அந்தச் சான்றால் நான் இன்ஜினியர் ஆனேன். பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தபோதும் அம்மா அவர்களை நேராகக் கன்னியப்பனிடம்தான் அனுப்பினாள் (ஒழுங்காக வீடு தங்குகிற பையன், தொல்லை தாங்கவில்லை என்றாராம்). போன மாதம் பாஸ்போர்ட் புதுப்பிக்க போலீஸ் விசாரணை வரும் என்று தகவல். வழக்கம்போல இருப்புக்கொள்ளாமல் ஆதார், ரேஷன் கார்டு என்று வீட்டையே கலைத்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் அப்புறம் தேடலாம்" என்றாள் மனைவி. "மொதல்ல போய் மோட்டாரப் போடுங்க."