கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருத்தம் பார்க்காத பெண்

பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணுக்கு இருக்கிற வேலை மிகச் சுலபம். காபித் தட்டைச் சாய்க்காமல் கொண்டுவர வேண்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்ய வேண்டும். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எத்தனையோ பெண்கள் ஒத்திகைகூட இல்லாமல் முடித்துவிட்ட இந்த வேலையை, பெரியம்மாவிடம் ஒரு வாரம் பயிற்சி எடுத்தும் நான் கோட்டை விட்டேன். அதற்குக் காரணம் நான் அல்ல, ஒரு ப்ராசசர்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் நம்புவதாக இல்லை.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள், கீழே அப்பாவின் பிரவுசிங் சென்டர். எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்த கடை அது. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப வாசலில் நிற்க ஆரம்பித்ததும், ஆறு கம்ப்யூட்டராகப் பெருகிவிட்டது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு நான் கடையைப் பார்த்துக்கொள்வதாகப் பெயர். (பெயர்தான்.) கூட்டம் இல்லாத நேரமெல்லாம் ராஜா காலத்துப் படைச் சண்டை ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். மரம் வெட்டி, தங்கம் தோண்டி, வில்லாளி, குதிரை, யானை என்று படை திரட்டி எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். மூளையால் ஆடுகிற ஆட்டம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கண்டபடி சுட்டுத் தள்ளும் ஆட்டங்களை ஆடுகிறவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை.

ஒரே குறை, படை பெருகினால் ஆட்டம் திணறும். ப்ராசசரும் வேண்டும், கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தேன். "ரெண்டுல ஒண்ணு வாங்கிக்கோ, அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்று சொல்லி கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்கு என்னை அழைத்துப் போனார். ஒரு கையில் ப்ராசசர் பெட்டி, இன்னொரு கையில் கிராபிக்ஸ் கார்டு பெட்டி. ப்ராசசர் பெட்டியில் வெறும் எண்களும் எழுத்துகளும் இருந்தன. கிராபிக்ஸ் கார்டு பெட்டியிலோ, கவசம் போட்ட வீரன் ஒருவன் வாளை ஓங்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த பட்டதாரி, அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து முடிவு செய்தாள்.

அந்தக் கார்டைக் கடையில் இருந்ததிலேயே பழைய மெஷினில் மாட்டினேன். ஏனென்றால் அது என் மெஷின். பத்து வீரர்களை ஓடவிட்டுப் பார்த்தேன். அடேயப்பா! ஆற்றுத் தண்ணீர் மின்னியது, குதிரையின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். பெரிய படையை வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்குப் பௌர்ணமி. பெண்ணையும் பார்த்துவிட்டு அப்படியே கிரிவலமும் சுற்றிவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா போட்ட திட்டம். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். கூடத்தில் உட்கார்ந்ததுமே அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"நாலரைக்கு ராகு காலம். எங்களுக்குப் புடிச்சிருந்தா அதுக்குள்ள தட்டு மாத்திடணும். அப்பால தள்ளிப் போட்டா எனக்கு மனசு ஒப்பாதுங்க."

அப்போது மணி மூன்றேகால். திரைச்சீலை இடுக்கு வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தேன். முரளி என்று பெயர், சென்னையில் சாப்ட்வேர் வேலை. பஜ்ஜியை எடுத்தவர், கூச்சத்தில் கடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. கடவுளே, நாலரைக்குள் எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு தட்டோடு போனேன்.

"ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டார்.

பெரியம்மா சொல்லிக்கொடுத்த பதில் "கோலம்". நான் வாயைத் திறந்தால் வந்தது: "கோட்டைய இடிப்பேன்."

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முரளியின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த யானைப் படை இருக்குமே, அந்த ஆட்டமா? நான் தினம் ஆடறேங்க!" என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ தலைகால் புரியவில்லை.

"எங்கிட்ட புது கிராபிக்ஸ் கார்டு இருக்கு. இந்த ஊர்லயே என் மெஷின் மாதிரி கிடையாது. வாங்க, ஒரு கை பாக்கலாம்!"

பெரியம்மா மறுபடியும் சுவரைத் தேடினார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாதான் சிரித்தார். "போய் ஆடட்டுமே. தனியா பேசிக்கினா மாதிரியும் இருக்கும்ல?"

"இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்மா" என்றார் முரளி.

தனியாக என்றால், நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் இரண்டு குடும்பமும், பஜ்ஜித் தட்டும், பிளாஸ்டிக் நாற்காலிகளும். அப்பா கடையிலிருந்தவர்களை அனுப்பிவிட்டார். மெயில் பாதியில் இருந்ததால் ஒரு வெள்ளைக்காரத் தாடித் தாத்தா மட்டும் எழுந்துகொள்ள மறுத்துவிட்டார். நான் என் பளபளக்கும் மெஷினில் உட்கார்ந்தேன். முரளிக்கு அப்பா பில் போடும் மெஷினைக் கொடுத்தேன். அது புதிது, நல்ல ப்ராசசர். ஆனால் தனிக் கார்டு கிடையாது, படம் மங்கல். பாவம், ரொம்பவும் தோற்றுவிடப் போகிறாரே என்று இரக்கப்பட்டேன்.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். என் திரையைப் பார்த்து அவருடைய மாமாவே "சினிமா மாதிரி கீதுப்பா" என்றார். விறுவிறுவென்று படை திரட்டினேன். இருநூறு பேர்! அத்தனை பேரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் கோட்டைக்கு அனுப்பினேன். நடுவில் ஒரு குறுகிய பாலம்.

என் படை பாலத்தில் கால் வைத்தது. வைத்த கால் அப்படியே நின்றது.

ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கியது. நான் சுட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அப்பா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். தும்பிக்கை இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் அற்புதமாக மின்னியது.

"பௌர்ணமி இல்லீங்களா, வோல்டேஜ் கம்மி" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "வைரஸா இருக்கும்" என்றேன். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, தாடித் தாத்தாவைக் காட்டி, "அவரு ஏதோ டவுன்லோடு போட்டுட்டாரு" என்றேன். அவர் மெயிலை எப்போதோ முடித்துவிட்டு, என் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தியானம் பழகுவதற்காகக் கடல் கடந்து வந்தவர் அவர். அவ்வளவு அசையாத ஒன்றை அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

முரளி எழுந்து என் பக்கம் வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, என் மெஷினில் படத்தின் தரத்தைக் கடைசிவரை குறைத்தார். மின்னிய தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வந்தது. யானைகள் வெறும் கறுப்புக் கட்டங்களாயின. வேகம் மட்டும் ஒரு இம்மி ஏறவில்லை.

"பாத்தீங்களா? படத்த கம்மி பண்ணியும் வேகம் வரல. அப்ப கார்டு மேல தப்பு இல்லீங்க. கார்டு வரையறதோட சரி. இருநூறு பேரு எந்த வழியா போவணும், யாரு மேல யாரு இடிக்கக் கூடாதுன்னு கணக்குப் போடறதெல்லாம் ப்ராசசர். உங்களுது பழசு, மூச்சு வாங்குது. ரெண்டு மெஷினும் சேர்ந்துதான் நகரணும்ங்கறதால என் மெஷினும் உங்களுக்காக காத்துகினு நிக்குது."

அப்பா வாசலைப் பார்த்தார். வெளியே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. "அதாவது, ரோட்ல சீரியல் லைட்டு ஜாஸ்தி போட்டா கூட்டம் நகராது, வழி விடறதுக்கு போலீசு வேணும். அப்படித்தானே தம்பி?"

"அதேதான் மாமா!"

மாமா என்றதும் இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எனக்குக் காது மடல் வரை சூடேறியது. சந்தோஷத்தில் நான் நாற்காலியிலிருந்து விழாமல் இருந்தது ஆச்சரியம். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"மணி நாலு முப்பத்தஞ்சு" என்றார் அவருடைய மாமா.

மாப்பிள்ளையின் அம்மா முகம் தொங்கிப்போய்விட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, அந்த வார்த்தையைச் சொன்னார்: "சரிங்க. நாங்க ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்."

தமிழ்நாட்டில் இதற்கு அர்த்தம் தெரியாத பெண் கிடையாது. என் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில், என் கார்டை உடனே பிடுங்கி என் தலையில் போடும் எண்ணம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்துப் பொருத்தம் பார்த்தார்களே, அந்தக் கார்டுக்கும் அந்த ப்ராசசருக்கும் ஒரு பொருத்தம் பார்க்க எனக்குப் புத்தி இல்லையே!

"பொட்டி மேல ஒரு ராஜா படம் போட்டிருந்தான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். "அதப் பாத்துதாங்க கார்ட வாங்கிட்டேன்."

முரளி என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "வாள ஓங்கிகினு இருப்பானே, அவனா? நானும் முதல்ல அவனத்தாங்க வாங்கினேன்! ஆறு மாசம் திணறினேன்." தன் அம்மாவிடம் திரும்பி, "ஆட்டத்த முடிக்காம எப்பிடிம்மா எழுந்து வர்றது? நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுட்டியைப் பிடித்தேன். ஒரு உத்தரவு போட்டால் அது நிறைவேற இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் என்ன செய்வது? பேசினோம். அவருக்கு வெங்காய பஜ்ஜி பிடிக்காது என்றார். எனக்குக் கோலமே போட வராது என்றேன். யானை ஒரு அடி எடுத்து வைத்தது. அவர் ஹாஸ்டலில் படித்த கதையைச் சொன்னார். என் வில்லாளி விட்ட அம்பு காற்றில் நின்றுகொண்டிருந்தபோது நான் அரியர் வைத்த பாடத்தைப் பற்றிச் சொன்னேன். (கணினி அமைப்பு. ப்ராசசர் பற்றிய பாடம்தான்.) எத்தனையோ வருஷம் பழகியவர்கள்போலப் பேசினோம். பின்னால் இரண்டு குடும்பமும் இருப்பதே மறந்துபோய்விட்டது.

பொழுது போகாத அவருடைய அம்மா மாடிக்குப் போய், என் அம்மாவுக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாராம். திரும்பி வந்தபோது அவர் கையில் கரண்டி இருந்தது. நாங்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். என் படை இன்னும் பாலத்திலேயே நின்றிருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு அடிச்சிடுச்சு. ராகு காலமே முடிஞ்சு போச்சு" என்றார்.

அந்த அம்மாள் கரண்டியை எங்கள் பக்கம் நீட்டினார்.

"இந்த ஓட்ட மெஷின வச்சுகினு, ரெண்டு மணி நேரமா ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழாம உக்காந்திருக்குதுங்க. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? ஆட்டத்த நிறுத்துங்க. தட்ட எடுத்தாங்க!"

ஆட்டத்தை அப்படியே சேமித்துவிட்டு எழுந்தோம். தாடித் தாத்தாவுக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தோம்.

கல்யாணம் ஆனதும் நாங்கள் செய்த முதல் காரியம், அந்தக் கார்டைக் கழற்றிப் புது மெஷினில் மாட்டியதுதான். இருநூறு பேரும் பாலத்தில் திபுதிபுவென்று ஓடினார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும் என் மாமியார், "பையன் பளபளன்னுதான் கீறான். உள்ள ப்ராசசர் என்னான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்பார். நான் எங்கேயாவது கிளம்ப நேரமானால், "விடுடா, அவ படை பாலத்துல நிக்குது" என்று மகனிடம் சொல்வார். அந்தப் பழைய மெஷினைத் தூக்கிப் போடவும் அவர் விடவில்லை. எங்கள் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக்கு அவளைப் பார்க்க வருகிறவனை முதலில் அதன் முன்னால் உட்கார வைக்க வேண்டுமாம்.

போன பௌர்ணமியன்று அந்த மெஷினைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, பழைய கார்டையும் திரும்ப மாட்டி, சேமித்து வைத்த அந்த ஆட்டத்தைத் திறந்தோம். முரளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் மின்னியது. நான் முன்னேறச் சொல்லி உத்தரவு போட்டேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.