மான் பார்க்கக் கூட்டிப்போன வாத்தியார்

படிப்பு மனிதனுக்குத் தலையில் ஏறுமே தவிர தொண்டைக்கு இறங்காது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழிக் காலையில், ஒரு வகுப்புப் பிள்ளைகளும் ஒரு இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொண்டிருக்க நானே நிரூபித்துக் காட்டிய உண்மை இது.

அப்போது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். (தற்காலிகம் என்றால், கூரை ஒழுகுகிற வகுப்பு நமக்கு.) பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து மெச்சினால்தான் வேலை நிலைக்கும் என்றார் தலைமையாசிரியர். வேலை நிலைத்தால்தான் பெண் தருவேன் என்றார் இடைசெவலில் இருந்த என் மாமா. மற்ற வாத்தியார்கள் கரும்பலகையில் பாடம் நடத்தி நல்ல பேர் வாங்கினார்கள். எனக்குத்தான் புத்தி வேறு மாதிரிப் போனது. ஐந்தாம் வகுப்பைக் காட்டுக்கே கூட்டிப்போய், ஓடைக்குள் ஒளிந்திருந்து, வெளிமானை நேரில் காட்டிப் பாடம் நடத்துவதாக அறிவித்துவிட்டேன்.

ஒத்திகைக்குப் போனோம். மான்கூட்டம் கண்ணில் பட்டதுதான் தாமதம், மொத்த வகுப்பும் எழுந்து, "ஏஏய்... ஹோய்!" என்று கத்தி மண்கட்டியை விட்டெறிந்தது. மான்கள் போன இடம் தெரியவில்லை.

"ஏலே, எதுக்குல கத்துனிய?"

"பாசிப்பயத்துல வாய வைக்க வந்துச்சு சார்!"

"ஏலே, அது யார் வீட்டுப் பயறு?"

"யார் வீட்டுப் பயறா இருந்தா என்ன சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நடக்கப் பழகியதிலிருந்து புஞ்சையில் காவல் காத்த பிள்ளைகள். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மறுநாள் எல்லோரையும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். பேச்சியம்மாள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் தூக்குச்சட்டியைத் தட்டினாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. அடி வைக்க வைக்க அவருடைய ஷூவில் மண் அப்பி, ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மனிதர் அரையடி உயரம் கூடிவிட்டார். கால் கனக்கிறதென்று ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

மான்கள் வந்தன. பிள்ளைகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். "மேல கறுப்பா, வயிறு வெள்ளையா, முறுக்கிவிட்ட கொம்போட நிக்குது பாருங்க, அதுதான் ஆண். கொம்பில்லாம, பழுப்பா இருக்கிறது பெண். புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். இதுக்கு ஆயுசுக்கும் ஒரே கொம்புதான். ஆபத்துன்னா ஒண்ணு துள்ளும். அதைப் பார்த்து எல்லாம் துள்ளும்."

"பிரமாதம்," என்று இன்ஸ்பெக்டர் என் காதோரம் சொன்னார். எனக்குக் கல்யாண மேளமே கேட்டது.

அப்போது ஒரு பெண்மான் கூட்டத்தை விட்டு விலகிப் பாசிப்பயற்றுக்குள் இறங்கியது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடியை ஒரு கடி கடித்தது. பொறுத்துக்கொண்டேன். இன்னொரு கடி. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது செடியை அது வேரோடு இழுத்தபோது, பட்டம் வாங்கிய நான் எங்கே போனேனோ தெரியவில்லை. சின்ன வயதில் புஞ்சை காவல் காத்த பயல்தான் மிச்சம்.

"ஏஏய்... ஹோய்! ஒன் வாயில மண்ணு விழ!"

கத்தியது நான்தான். எழுந்து நின்று, கைக்குக் கிடைத்த மண்கட்டியைத் தூக்கி வீசியதும் நான்தான். வாத்தியாரே கத்தினால் வகுப்பு சும்மா இருக்குமா? ஓடையே அதிர்ந்தது. ஒரு மான் துள்ள, எல்லாம் துள்ளிப் பறந்தன. (பாடத்தில் ஒரு எழுத்துப் பிசகில்லை.)

"அது என் ஷூ," என்றார் இன்ஸ்பெக்டர்.

புஞ்சை முழுக்கத் தேடினோம். கரிசல் காட்டில் மண் அப்பிய ஷூவைத் தேடும் கொடுமை என் எதிரிக்கும் வேண்டாம். கிடக்கிற கட்டியெல்லாம் ஷூ மாதிரியே இருக்கிறது. பிள்ளைகள் ஓடி ஓடி, "இதுவா சார்? இதுவா சார்?" என்று கட்டி கட்டியாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் ஒற்றை ஷூவோடு வரப்பில் நின்று ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துக் கீழே போட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "மான் நல்லா ஓடுது. நீங்களும் கிளம்பலாம்," என்றார்.

வேலை போயிற்று. கல்யாணமும் போயிற்று என்றுதான் மாமா வீட்டுக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். மாமாவோ கதையைக் கேட்டுவிட்டு அத்தையைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வா. ஆபீசரு பக்கத்துல இருக்கும்போதே, எவன் வீட்டுப் பாசிப்பயத்துக்கோ ஷூவத் தூக்கி எறிஞ்சிருக்கான். இவன் எம் மகளக் கைவிட்டுருவானா? தையில வச்சிரலாம்."

வேறு வேலை பிறகு கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் டிவியில் மான்கூட்டம் தலை காட்டினால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையிலிருக்கும் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

"அது ஆப்பிரிக்காக்காரன் புஞ்சை. அவிய பாத்துக்கிடுவாவ. நீங்க உக்காருங்க."