காலையில் அத்தை கட்சி, மதியம் அப்பா கட்சி

ஆல்புகெர்க்கி,
செவ்வாய் இரவு.

மதிப்பிற்குரிய பெர்னடெட் அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் லூசிண்டா பயத்துடன் எழுதுவது.

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்குக்கூட வேண்டாம். அப்பா கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் நாளை காலை வரைதான் நலம். இரவானால் போன்கள் சமையலறையில் தூங்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் உங்கள் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

சனிக்கிழமை காலை என் விவாதப் போட்டிக்கு வந்தீர்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு எல்லா இனத்தாரையும் தேடிப்போய்ச் சேர்க்கும் கொள்கை தொடர வேண்டும் என்று பேசினேன். டயர் கடையில் வேலை பார்த்த ஒருவரின் தங்கை, மாதா கோயில் கூடத்தில் ஒட்டியிருந்த ஆள்சேர்ப்பு நோட்டீஸைக் கிழித்து வந்து அவரிடம் கொடுத்த கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் அழுத அழுகையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. "நீ என் ரத்தம்டி. அந்த நோட்டீஸை உங்கப்பன் மூஞ்சிக்கு நேரா ஆட்டினது நான். கேட்டா மார்க்குல இந்த வேலைக்கு வந்தேங்கறான்" என்று கட்டிப்பிடித்துவிட்டு வேலைக்கு ஓடினீர்கள்.

அத்தை, உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சுண்டித்தான் யார் எந்தக் கட்சி என்று முடிவு செய்வார்கள். மதியம் அப்பா வேலை முடித்து வந்து, நீங்கள் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்தார். நாணயம் விழுந்தது. கொள்கையை எதிர்த்துப் பேசும் பக்கம் எனக்கு. பயிற்சி தரும் ப்ருவிட் சாரிடம், "சார், எங்கப்பா வந்திருக்காரு" என்று கெஞ்சினேன். "நல்லதாப்போச்சு, கைதட்ட ஒரு ஆள்" என்றார்.

அந்த வேலைக்கென்றே படித்து முடித்த எங்கள் வீட்டு ரூபன் அண்ணனை, திறமையைக் கேட்காமல் பின்னணியைக் கேட்கும் ஒரு கேள்வித்தாளை வைத்தே வடிகட்டி அனுப்பியதைச் சொன்னேன். ரேடார் திரைக்கு யார் நிறமும் தெரியாது என்றேன். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். நடுவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காரில் வரும்போது, "உங்கத்தை இதைக் கேட்டிருக்கணும். அவளும் அவ நோட்டீஸும்" என்றார். நான் சீட் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஈஸ்டர் விருந்தில் ரூபன் அண்ணன் விஷயமாக நீங்கள் இருவரும் போட்ட சண்டைக்குப் பிறகு, ஒரே அறையில் அடுத்தடுத்த திரையில் உட்கார்ந்துகொண்டு விமானத்தை மட்டும் ஒருவருக்கொருவர் ஒப்படைக்கிறீர்கள். அதில் பயணிகள் பத்திரமாகக் கைமாறுகிறார்கள். எங்கள் வீட்டுப் போசோலே சூப் வைக்கும் பாத்திரம்தான் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இந்த நிலையில் நாளைக் காலை பள்ளிக்கூடம் இரண்டு பேச்சின் வீடியோவையும் வெளியிடப்போகிறது. நான் இரட்டை நாக்குக்காரி என்று தெரிந்தால், இருவரும் என்னைச் சாக்காக வைத்து இன்னும் பெரிதாக முறைத்துக்கொள்வீர்கள். அதனால் நீங்கள் இரண்டாவது வீடியோவைப் பார்க்க வேண்டாம். முதலாவதைப் பற்றி அப்பா காதில் விழும்படி பேசவும் வேண்டாம்.

நீ எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் பேசும்போது நீங்கள் சொல்வது சரி என்று நிஜமாகவே தோன்றியது. மதியம் அப்பா சொல்வதும் அப்படியே தோன்றியது. நோட்டீஸ் வராவிட்டால் அப்பா இன்னும் டயர்தான் மாட்டிக்கொண்டிருப்பார். ரூபன் அண்ணன் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறான்.

மாமாவுக்கு என் வணக்கம். தேவமாதா உங்கள் முழங்காலையும் என் முதுகையும் காப்பாற்றட்டும்.

அன்புள்ள,
லூசிண்டா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் வேண்டாம். வீடியோக்களை இன்றிரவே போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கீழே அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது கேட்கிறது. "உன்னை அழ வெச்சாளா? நான் எழுந்து நின்னு கைதட்டினேன் பெர்னி, நடுவர் திட்டுற வரைக்கும்" என்கிறார். இருவரும் சிரிக்கிறீர்கள் அத்தை. ஈஸ்டருக்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் பெயரை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது, "வெச்சிடாத, லைன்லயே இரு. அவ எந்தக் கட்சின்னு அவ வாயாலயே கேட்டுடுவோம்" என்று படியேறி வருகிறார். கதவைத் தட்டுகிறார். அத்தை, நான் தூங்கிவிட்டதாக நீங்களாவது