வாசலுக்கொரு வயது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் பிள்ளைகளுக்குத்தான் மீசை முளைத்துவிட்டதே. போனில் சொன்னால் நீ சிரித்தே என் மானத்தை வாங்குவாய் என்பதால் கடிதம்.

"அந்த ரிசார்ட்டுல கிட்ஸ் கிளப் இருக்குடா, வாலுவை அங்க விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரமாவது மனுஷங்க மாதிரி உக்காந்து பேசுங்க" என்று சொன்ன புண்ணியவதி நீ. மகள் பிறந்ததிலிருந்து நானும் இவளும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. பாதியில் யாராவது ஒருவர் எழுந்து ஓட வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கடலைப் பார்த்த அறையாகப் பிடித்தேன். ஆனால் கிளப்புக்கு நான்கு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதை நீ சொல்லவே இல்லையே, அக்கா. நம் வாலுவுக்கு மூன்றரை.

ஆறு மாதம் கூட்டிச் சொன்னால் குடியா மூழ்கிவிடும் என்று, வரவேற்பில் நின்றிருந்த கிளப் மிஸ்ஸிடம் நான்கு என்று சொன்னேன். மத்தியானம் அழைத்து வரச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலைச் சாப்பாட்டுக்குப் போனால் டைனிங் ஹால் வாசலில் வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது, மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மட்டும் வரிசை வேண்டாமாம். பசி, அக்கா. இவள் என் முதுகில் கிள்ளி, "ரெண்டரைன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் குளத்தில் பெடல் படகு. வாலு தரையில் உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் ஐந்து வயது ஆக வேண்டும் என்றார். ஐந்தும் ஆகிவிட்டது என்றேன். லைஃப் ஜாக்கெட் அவள் முழங்கால் வரை தொங்கியது, அவரும் பாவம், படகை அவிழ்த்துவிட்டார். இதில் வாலுவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுப்போயிற்று. வயது என்பது அந்தந்த வாசலில் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கதவைப் பார்த்தாலும், கழிவறைக் கதவு உட்பட, ஊருக்கே கேட்கும்படி, "அப்பா, இங்க நான் எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினாள்.

மத்தியானம் மறுபடி டைனிங் ஹால். மறுபடி ரெண்டரை ஆக வேண்டும். அவளை இடுப்பில் தூக்கி, கழுத்தில் துண்டு கட்டி, வாயில் ஒரு ஸ்பூனையும் செருகி, வரிசையைத் தாண்டிப் போகிறேன், வரிசையில் முதலில் நிற்பது கிளப் மிஸ், அவருக்குப் பின்னால் படகுக்காரர். மிஸ், "என்ன சார், நாலு வயசுப் பாப்பாவை இடுப்புல வச்சிருக்கீங்க?" என்றார். படகுக்காரர், "நாலா? எங்கிட்ட அஞ்சுன்னாரே" என்றார். காலையில் ரெண்டரையை நம்பி உள்ளே விட்ட ஹால் சூப்பர்வைசர் என்னையே பார்த்தார். வாய்க்கு வந்ததை உளறினேன்: "இல்லீங்க, எங்களுக்கு மொத்தம் மூணு பொண்ணு." இவளும் சளைக்காமல், "மத்த ரெண்டும் ரூம்ல தூங்குதுங்க" என்றாள். சூப்பர்வைசர் தங்கமான மனிதர். "அடடா, அப்ப குழந்தைங்களுக்குச் சாப்பாடு ரூமுக்கே அனுப்பிடறேன்" என்று ஆளைக் கூப்பிட்டார். அப்போது நம் வாலு வாயிலிருந்த ஸ்பூனை எடுத்துவிட்டு, "அப்பா, மூணுமே நான்தானே?" என்றாள். மொத்த வரிசையும் சிரித்தது. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மிஸ் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "மூணரைன்னு சொல்லியிருந்தாலே சேர்த்திருப்போமே சார். நாலு ஆகாத பிள்ளைங்களோட அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருத்தர் உள்ள இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். திரும்பிப் பார்த்தால் இவளைக் காணோம். தலைவலியாம், அறைக்குப் போய்விட்டாள். ஆகவே உன் தம்பி, ஒரு அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவன், உள்ளங்கை அகல நாற்காலியில் உட்கார்ந்து காகித முதலைக்கு வால் ஒட்டினேன். பச்சை கிரேயானை நான் தரமாட்டேன் என்கிறேன் என்று ஒரு பொடியன் மிஸ்ஸிடம் போட்டுக்கொடுத்தான். கண்ணாமூச்சியில் மேஜைக்கடியில் ஒளிந்தவன் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டேன். வாலு வந்து தலையைத் தடவி, "அழாதப்பா, மிஸ்ஸை கூப்பிடறேன்" என்றாள். இவளோ சாயங்காலம் வரை குறட்டை. நாங்கள் பேச நினைத்த பேச்சு அப்படியே கிடக்கிறது.

போதும் அக்கா. வாலுவுக்குக் கல்யாண வயது வரும்வரை தெருமுனையைத் தாண்டி எங்கும் போவதாக இல்லை. இனி என்னிடம் ரிசார்ட் என்ற வார்த்தையை எடுக்காதே. அத்தானுக்கு என் வணக்கம், மீசைக்காரர்களுக்கு என் ஆசி. இத்தனைக்கும் காரணமான உன் காலில் விழுந்து கும்பிடும்,

உன் தம்பி

பி.கு.: அதே ரிசார்ட்டில் அடுத்த வாரமே அறை போட்டாயிற்று. நான்கு முடிந்துவிட்டால் அப்பா அம்மாவைக் கிளப்புக்குள் விடமாட்டார்களாம், அதனால் பிறந்தநாளுக்கு இருக்கிற ஆறு மாதத்துக்குள் முடிந்த மட்டும் போய்விட வேண்டும். ஒருவருக்குத்தான் அனுமதி, இந்தத் தடவை தன் முறை என்று இவள், பாதியில் விட்ட என் முதலையை யார் முடிப்பது என்று நான், நேற்றிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. வாலு மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு நாலு ஆகப்போகுதே, நான் தனியாவே போவேனே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். கேட்கும்போதெல்லாம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன், அக்கா.